இறுகிய டயருக்கு லீவர் வாங்கப் போகிறீர்களா? 5,250 ரூபாயைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு, எனக்கு லீவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் சின்னக் கருவி) விற்ற கடை வட்ஸ்அப்பில் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டது. அதற்கு முன் பதினொரு நாள்கள் இழுத்தடித்தார்கள். 5,250 ரூபாய் போனது போனதுதான் என்பது நேற்றுத்தான் உறைத்தது. ஆத்திரம் ஆறும்முன் எழுதிவிடுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ரேசிங் சைக்கிள் ஓடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். எல்லோரும் ஒரே மாதிரியான பக்கங்களில்தான் சாமான் தேடுகிறோம். இன்னொருவர் அகப்படக் கூடாது.

முகநூலில் படம் போட்டு, வட்ஸ்அப்பில் கதைத்து, கூரியரில் அனுப்பும் கடை அது. வாசல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, போய் நின்று நியாயம் கேட்க ஓர் இடம் இல்லை. நல்ல லீவரை எப்படித் தெரிவு செய்வது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வீட்டுச் சைக்கிளின் டயரைக் கரண்டிக் காம்பாலேயே கழற்றிவிடலாம். ரேசிங் சைக்கிளின் டயர் அப்படியல்ல. என்னுடைய டயரின் அளவு 700×25. எழுத்தில் 700 என்று இருந்தாலும், டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தாலே கைக்குத் தெரியும். கடந்த வருடம் நான் மாற்றிய ரிம், டியூப் இல்லாமலும் ஓடக்கூடிய வகை. டியூப் இல்லாதபோது டயர் விளிம்பும் ரிம்மும் சேரும் இடம்தான் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். ஆகவே அதை இறுக்கமாகவே செய்கிறார்கள். நான் டியூப் போட்டு ஓடினாலும் இறுக்கம் இறுக்கம்தான். முதல் தடவை மாட்டியபோது இரண்டு பெருவிரல்களிலும் தோல் உரிந்தது.

தெருவோரக் கடைகளில் இருக்கும் முழு இரும்பு லீவர் உடையாது. ஆனால் அலுமினிய ரிம்மைச் சுரண்டிவிடும், கொஞ்சம் கவனம் தப்பினால் டியூபையும் கடித்துவிடும். வெறும் பிளாஸ்டிக்கில் மட்டமானது வளையும். இவற்றுக்கு நடுவில் ஒரு வகை உண்டு: உள்ளே எஃகு, வெளியே நைலோன் போர்வை. பார்க் டூல் நிறுவனத்தின் டி.எல்.-6.2 அப்படிப்பட்டதுதான். அந்த வகையைத்தான் தேடினேன்.

அந்தக் கடையின் படத்தில் வெள்ளி நிற முனையோடு மூன்று லீவர்கள். "உள்ளே எஃகு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விலை 4,800 ரூபாய். மூன்று சின்னத் துண்டுகளுக்கு அது பெரிய காசு. ஆகவே கேட்டேன், ஒரு தடவையல்ல, மூன்று தடவை. இரண்டே நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. "அண்ணன், நம்பி எடுங்கள். உள்ளே முழு நீளத்துக்கும் எஃகுக் கம்பி போகிறது. என் சைக்கிளுக்கே இதைத்தான் பாவிக்கிறேன். நானும் மட்டக்களப்புத்தான் அண்ணன், ஊர் ஆளுக்குப் பொய் சொல்வேனா?"

அந்தக் கடைசி வசனம்தான் என்னை விழுத்தியது. எங்கோ முகம் தெரியாத ஒருவன் சொல்லியிருந்தால் இன்னும் நாலு இடத்தில் விசாரித்திருப்பேன். ஊர்ப் பிள்ளை, அண்ணன் என்கிறான், கேட்ட உடனே பதில் சொல்கிறான் என்று மனம் இளகியது. குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. அந்தப் பதிவு இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது.

மூன்றாம் நாள் கல்லடியில் வீட்டு வாசலுக்குப் பார்சல் வந்தது. கூரியர் தம்பிக்கு அடுத்த வீடு போகிற அவசரம். 4,800 ரூபாயும் கூரியருக்கு 450 ரூபாயும் எண்ணிக் கொடுத்தேன். பார்சலைக் கையில் வாங்கியபோதே பாரம் இல்லை. அப்போதே ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தக் குரலை நினைத்து அதை அடக்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் கல்முனை நோக்கிப் புறப்பட்டேன். களுவாஞ்சிகுடி தாண்டி ஓந்தாச்சிமடத்தில் பின் டயரில் ஒரு கம்பித் துண்டு ஏறியது. வீதியோரத்தில் சக்கரத்தைக் கழற்றி, முதல் லீவரைச் செருகி அழுத்தினேன். பச்சை மட்டைபோல் வளைந்தது, டயர் அசையவில்லை. இரண்டாவதைப் பக்கத்தில் செருகி, இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். சடக்கென்ற சத்தத்தோடு முனை பறந்தது. என் விரல் எலும்பு ரிம்மில் அடிபட்டு இரத்தம் வந்தது. மூன்றாவது லீவர் அந்த அளவுக்குக்கூடத் தாங்கவில்லை.

உடைந்த வாயைத் திருப்பிப் பார்த்தேன். எஃகு இல்லை, கம்பி இல்லை, ஒரு ஊசி அளவு இரும்புகூட இல்லை. பாணைப் பிய்த்தால் தெரிவதுபோலச் சிறு சிறு காற்றோட்டைகள் நிறைந்த வெள்ளைப் பிளாஸ்டிக். முனையில் இருந்த வெள்ளி நிறம் வெறும் பூச்சு. நகத்தால் சுரண்ட உரிந்து வந்தது. இதற்குத்தான் 5,250 ரூபாய்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு சின்னத் திருத்தும் கடையில் வயதான முஸ்லிம் காக்கா ஒருவர் அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்தார். சக்கரத்தை மடியில் வைத்து, டயரின் இரு விளிம்புகளையும் விரலால் கிள்ளிக் கிள்ளி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நடுப்பள்ளத்தில் சுற்றளவு குறைவு. அங்கே விளிம்பு இறங்கினால் மறுபக்கத்தில் தளர்வு கிடைக்கும். கிடைத்த தளர்வையெல்லாம் ஓரிடத்துக்கு இழுத்து வந்து, துணி சுற்றிய பழைய லீவர் ஒன்றால் மெல்லத் தூக்கினார். வந்துவிட்டது. "மாட்டும்போது வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியாக விடுங்கள் தம்பி. வால்வு நிற்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது" என்றார். உடைந்த முனையின் ஒரு சில்லு டயருக்குள்ளேயே கிடந்தது. அதையும் அவர்தான் விரலை விட்டுத் துழாவி எடுத்தார். அது உள்ளே இருந்திருந்தால் புது டியூபும் போயிருக்கும். 200 ரூபாய் மட்டுமே வாங்கினார்.

அன்று மதியமே படங்களைக் கடைக்கு அனுப்பினேன். வாங்குமுன் இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னவன், பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பிறகு, "முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் அண்ணன்." அதற்குப் பிறகு, "நீங்கள் பிழையாகப் பாவித்திருக்கிறீர்கள்." சரி, பிழையாகவே பாவித்தேன் என்று வைத்துக்கொள்வோம். பிழையாகப் பாவித்தால் உள்ளே இருந்த எஃகு கரைந்து போகுமா? இதைக் கேட்டேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு நாள் கழித்து, பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டான். உடைந்தது வீதியில், பார்சலுக்குள் அல்ல. அந்த வீடியோவில் என்ன தெரியும்? பிறகு, "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது." இப்போது அண்ணன் என்ற சொல்லும் இல்லை. அவனுடைய குரல் பதிவையே அவனுக்குத் திருப்பி அனுப்பி, 5,250 ரூபாயைத் தாருங்கள் என்று நேற்று எழுதினேன். உடனே தடை.

லீவர் தெரிவு செய்வதைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அடிபட்ட விரல் இன்னும் வலிக்கிறது, பொறுமையும் இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். உள்ளே எஃகு என்று சொன்னால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். நான் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தபோது அந்தத் துண்டுகள் அசையவே இல்லை. முனை மெல்லியதாகவும் முதுகு தடிப்பாகவும் இருப்பதை எடுங்கள். கார்பன் ரிம் வைத்திருப்பவர்கள் வெறும் இரும்பு லீவரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். புது லீவரை வீட்டில் ஒரு தடவையாவது கழற்றி மாட்டிப் பார்க்காமல் வீதிக்குக் கொண்டுபோகாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னுடையதை எழுதிவிட்டேன், துண்டுகளையும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

சற்று முன் தம்பியின் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே படம், அதே "உள்ளே எஃகு". அதன் கீழே வாழைச்சேனையிலிருந்து ஒருவர் விலை கேட்டிருக்கிறார். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் அவர் பார்க்கவில்லை.