மாதம் 16 மணி நேரம்: டிரைகேர் எக்கோ ரெஸ்பைட் கேர் பற்றி ஒரு தாயின் மதிப்பீடு

அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு டிரைகேர். அதில் சிறப்புத் தேவை உள்ள குடும்ப உறுப்பினர்களுக்கான 'எக்கோ' பிரிவில் ரெஸ்பைட் கேர் என்றொரு சேவை உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் பெற்றோர் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். என் கணவர், தமிழ் முதலிய மொழிகள் அறிந்தவர்களை மாவ்னி திட்டத்தின் வழியாக ராணுவம் சேர்த்துக்கொண்ட காலத்தில் சேர்ந்தவர், இப்போது சார்ஜென்ட். ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு ஏழு வயது. இரண்டு ஆண்டுகளாக இந்தச் சேவையைப் பயன்படுத்தி வரும் நான், இதே நிலையில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ரெஸ்பைட் கேர் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, சிறப்புத் தேவை உள்ளவர்கள் இருக்கும் ராணுவக் குடும்பங்களுக்கான ஈ.எஃப்.எம்.பி. என்ற திட்டத்தின் கீழ், தரைப்படை, கடற்படை என அந்தந்தப் படை வழங்குவது. இதன் நேரத்தை 2023-ல் பாதுகாப்புத் துறை மாதம் 20 மணியிலிருந்து 32 மணியாக உயர்த்தியது. மற்றொன்று, காப்பீட்டின் வழியாக வரும் எக்கோ. இதில் மாதம் அதிகபட்சம் 16 மணி நேரம். நான் இங்கே மதிப்பிடுவது எக்கோவை மட்டுமே. ஈ.எஃப்.எம்.பி.யில் பதிந்த பிறகே எக்கோவில் பதிய முடியும். ஆட்டிசம் குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சியான ஏபிஏ தெரபிக்கும் எக்கோ பதிவு தேவை என்பதால், எல்லாப் படிவங்களையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது. இ-1 முதல் இ-5 வரையிலான ராணுவச் சம்பள நிலையில் இருப்பவர்கள் சேவை பெறும் மாதத்துக்கு 25 டாலர் கட்டினால் போதும். கட்டணத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கொலராடோவின் ஃபோர்ட் கார்சனில் நாங்கள் இருந்தபோது, முதலில் கிடைத்த ஏஜென்சி ஐந்து மாதங்களில் ஆறு பேரை அனுப்பியது. குக்கர் விசில் சத்தத்துக்கு மகன் காதைப் பொத்திக்கொள்வான், தாளிக்காத தயிர்சாதத்தை அதே எவர்சில்வர் கிண்ணத்தில் தந்தால்தான் சாப்பிடுவான் என்பதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் வந்தவர் சோற்றை வேறு தட்டில் போட்டுவிட்டார். மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்ட அவன் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. நானும் அடுத்த அறையில் கதவோரமாகவே உட்கார்ந்திருந்தேன். கணக்கில் அது ஓய்வு நேரமாகத்தான் பதிவானது. ஆள் வராமல் கடைசி நேரத்தில் ரத்தான நாட்களும் உண்டு. பயன்படுத்தாத மணிகள் அடுத்த மாதத்துக்குச் சேராது என்பது எக்கோவின் விதி. ஆகவே அவை போனது போனதுதான்.

ஏஜென்சியை மாற்றிய பிறகு ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா வந்தார். அவர் என் மகனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் தரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களை அவன் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, ஓரமாக உருண்டு கிடந்த ஒரு கிண்ணத்தை அவர் எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தார். அவன் அதை நேராக்கிவிட்டு, அங்கேயே இருக்க விட்டான். நான்காவது முறை அவர் வந்தபோது, அவர் கழற்றிய காலணிகளை அவனே கொண்டுபோய் எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தான். அன்றுதான், பல ஆண்டுகளுக்குப் பிறகு, குளியலறைக் கதவை முழுவதும் சாத்திக்கொண்டு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் அந்த ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. விதிகளோ மணிகளை மட்டுமே எண்ணுகின்றன. வேலைக்குப் போவதற்கும், வேலை தேடுவதற்கும், படிப்பதற்கும், கணவர் வெளிநாட்டுப் பணிக்குச் சென்றிருக்கும் காலத்தை ஈடுகட்டுவதற்கும் இந்த நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. வருபவர் என் மகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியாது. பராமரிப்பு வேறு, குழந்தை காப்பகம் வேறு என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணவர் ஒன்பது மாதம் இல்லாதிருந்தபோதுதான் எனக்கு அந்த உதவி மிகவும் தேவைப்பட்டது.

பிறகு மாற்றல் உத்தரவு வந்து, வாஷிங்டன் மாநிலத்தின் லூயிஸ்-மெக்கார்ட் தளத்துக்கு வந்தோம். காப்பீடு கூடவே வந்தது. அந்த அம்மா வரவில்லை. ஏஜென்சி தேடுவதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை நான் கேட்ட முதல் கேள்வி, ஒரே நபரைத் தொடர்ந்து அனுப்புவீர்களா என்பதுதான். உத்தரவு கைக்கு வந்த அன்றே இந்தக் கேள்வியோடு புதிய ஊரின் ஏஜென்சிகளைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்குங்கள். குழந்தையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். புதிதாக வருபவர் பொறுமையானவர், நேரம் தவறுவதில்லை. இது ஏழாவது வாரம். அவருடைய காலணிகள் இன்னும் வாசலில்தான் இருக்கின்றன.