ஒரே லேப்டாப்ல விண்டோஸும் உபுண்டுவும், மூணு வருஷம்: பூட் ஆகாம போன ஒவ்வொரு தடவையும் என்ன பண்ணேன்

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். பகல்ல ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கும் நாலஞ்சு கடைக்கும் டேலில கணக்கு போட்டு ஜிஎஸ்டி ஃபைல் பண்றேன், ராத்திரில ஓசூர் பக்கம் ஏதாவது கம்பெனில சேரணும்னு பைத்தானும் சர்வர் வேலையும் கத்துக்கறேன். டேலிக்கு விண்டோஸ் வேணும், படிக்கறதுக்கு லினக்ஸ் வேணும், ரெண்டு லேப்டாப் வாங்கற அளவுக்கு வசதி இல்ல, அதனால 2022 கடைசில இருந்த ஒரே லேப்டாப்ல விண்டோஸ் பக்கத்துலயே உபுண்டு 22.04ங்கற லினக்ஸைப் போட்டேன். மூணு வருஷம் தாண்டிடுச்சு. இதுக்குள்ள நாலு தடவை ஒழுங்கா பூட் ஆகாம, அதாவது ஆன் பண்ணா சிஸ்டம் ஒழுங்கா ஆரம்பிக்காம, நின்னிருக்கு, ஆனா ஒரு ஃபைல் கூட போகல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அந்த மாதிரி நேரத்துல பயந்து போய் ஃபார்மேட் பண்ணிட்டு அப்புறம் வருத்தப்படறவங்க நம்ம பக்கம் நிறைய பேர்.

முதல் தடவை நானே பயந்துட்டேன். விண்டோஸ்ல பெரிய அப்டேட் ஒண்ணு முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆச்சு, எந்த சிஸ்டம் வேணும்னு கேட்டு எப்பவும் வர்ற க்ரப் மெனு வரல, நேரா விண்டோஸ் வந்துடுச்சு. உபுண்டுவே அழிஞ்சு போச்சுன்னு நினைச்சு கிருஷ்ணகிரில ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன். அந்தப் பையன் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "அண்ணா, அந்த லினக்ஸ் போயிடுச்சு, ஃபுல்லா ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் மட்டும் போட்டுக்கங்க"ன்னான். மனசு கேக்கல, திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். வீட்ல உக்காந்து லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ் இருக்கற பயாஸுக்குள்ள போய் பாத்தா, எது முதல்ல ஆரம்பிக்கணும்ங்கற பூட் ஆர்டர்ல விண்டோஸ் பூட் மேனேஜர் மேல, உபுண்டு கீழ. மேல தூக்கி வெச்சு சேவ் பண்ணேன், அவ்ளோதான், மெனு வந்துடுச்சு.

அதுக்கப்புறம்தான் இது எப்படி வேலை செய்யுதுன்னு உக்காந்து படிச்சேன். இப்ப இருக்கற யூஈஎஃப்ஐ (பயாஸோட புது வடிவம்) லேப்டாப்ல மதர்போர்டுல ஒரு சின்ன மெமரி இருக்கு, எந்த சிஸ்டத்தை எந்த ஃபைல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு ஒரு லிஸ்ட் அதுல இருக்கும். அந்த ஃபைலுங்க எஸ்எஸ்டில ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்னு ஒரு குட்டி இடத்துல இருக்கும், ஃபேட்32 ஃபார்மேட், விண்டோஸ் தானா போட்டதுன்னா பெரும்பாலும் 100 எம்பி. நம்ம கணக்கு, போட்டோ, உபுண்டு எல்லாம் வேற பார்ட்டிஷன். லிஸ்ட்ல ஒரு வரி காணாம போனாலோ வரிசை மாறினாலோ லேப்டாப் ஆன் ஆகாத மாதிரி தெரியும், டேட்டா அது பாட்டுக்கு அங்கயேதான் இருக்கும். இது புரிஞ்சப்புறம் எனக்கு பாதி பயம் போயிடுச்சு.

ரெண்டாவது, 2023 மாங்கா சீசன்ல. பேட்டரி வேற வீக், உபுண்டுல அப்டேட் ஓடிட்டு இருக்கறப்போ கரண்ட் போச்சு, லேப்டாப்பும் ஆஃப். திரும்ப ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன்ல கெர்னல் பேனிக் (உபுண்டுவோட மையப் பகுதியான கெர்னல் மேல போக முடியாம நின்னுடுச்சுன்னு அர்த்தம்), ரூட்டை, அதாவது உபுண்டு இருக்கற பார்ட்டிஷனை, மவுண்ட் பண்ண (திறந்து சேக்க) முடியலன்னு ஒரு வரி. புது கெர்னல் பாதி இன்ஸ்டால்ல நின்னதால ஆரம்பத்துல ரூட்டைத் திறக்க உதவற இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் அதுக்கு உருவாகல. இதுக்கு பென்டிரைவ் கூட வேண்டாம், க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனா பழைய கெர்னல் இருக்கும், அதுல உள்ள போயிட்டு டெர்மினல்ல பாதில நின்ன இன்ஸ்டாலை முடிச்சு, இனிட்ராம்எஃப்எஸ் அப்டேட் பண்ணி, க்ரப் மெனுவைப் புதுப்பிக்கற அப்டேட்-க்ரப் கமாண்டை அடிச்சேன். பழைய கெர்னலை இடம் அடைக்குதுன்னு மொத்தமா தூக்கிடாதீங்க, ஒண்ணாவது இருக்கட்டும்.

மூணாவது சின்ன விஷயம். விண்டோஸ்ல இருந்து டி டிரைவை ஃபார்மேட் பண்ணேன், அது உபுண்டுலயும் தானா மவுண்ட் ஆகற மாதிரி எஃப்எஸ்டேப்ங்கற ஃபைல்ல எழுதி வெச்சிருந்தேன். ஃபார்மேட் பண்ணா டிரைவோட அடையாள நம்பரான யூயூஐடி மாறிடும், உபுண்டு பழைய நம்பரைத் தேடி ஒன்றரை நிமிஷம் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுக்கு போயிடுச்சு. புது நம்பரை எழுதிட்டு பக்கத்துல நோஃபெயில்னு ஒரு வார்த்தை சேத்தேன், இனிமே அந்த டிரைவ் இல்லன்னாலும் பூட் நிக்காது.

நாலாவதுதான் நிஜமாவே வயித்தைக் கலக்கினது. ஒரு மாசம் 19ஆம் தேதி ராத்திரி, மறுநாள் 20, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் ஃபைல் பண்ண கடைசி நாள், ஃபேக்டரி கணக்கு மொத்தமும் டேலில. பயாஸ் அப்டேட் வந்துச்சுன்னு ஓகே குடுத்துட்டேன். முடிஞ்சு வந்தா நீல ஸ்க்ரீன்ல பிட்லாக்கர் ரெகவரி கீ கேக்குது, 48 இலக்கம். பிட்லாக்கர்ங்கறது டிரைவைப் பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி, அதை நான் போட்ட ஞாபகமே இல்ல. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வெச்சு செட்டப் பண்ற நிறைய லேப்டாப்ல டிவைஸ் என்கிரிப்ஷன்ங்கற பேர்ல இந்தப் பூட்டு தானாவே ஆன் ஆகிடும், பயாஸ் மாறினா சாவியைப் பாதுகாக்கற டிபிஎம் சிப் சந்தேகப்பட்டு சாவியைக் குடுக்காது, அதான் நம்மளைக் கேக்குது. கை நடுங்கிச்சு. அப்புறம் போன்ல அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள்ள போய் பாத்தா டிவைஸ் பக்கத்துல ரெகவரி கீ இருந்துச்சு, ஸ்க்ரீன்ல காட்டற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்தும் அங்க இருக்கறதும் ஒண்ணான்னு பாத்துட்டு ஆறு ஆறு இலக்கமா அடிச்சேன். விண்டோஸ் திறந்துச்சு. அந்த நிமிஷமே டேலி பேக்கப்பை பென்டிரைவ்ல எடுத்தேன், காலைல ஃபைல் பண்ணிட்டேன்.

உபுண்டு ஆனா பூட் லிஸ்ட்லயே இல்ல. பயாஸ் அப்டேட் அந்த மதர்போர்டு மெமரியைத் துடைச்சிருக்கு. என் லேப்டாப் பயாஸ்ல பூட் ஆப்ஷன் சேக்கறதுக்கு வழி இருந்துச்சு, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல உபுண்டு ஃபோல்டருக்குள்ள, உபுண்டுவை ஆரம்பிச்சு வெக்கற ஷிம்எக்ஸ்64ங்கற ஃபைலைக் காட்டி பேர் வெச்சேன், பழையபடி வந்துடுச்சு. அந்த வசதி இல்லாத லேப்டாப்னா, இன்ஸ்டால் பண்ணாமயே உபுண்டுவை ஓட்டற லைவ் பென்டிரைவ்ல போய் உபுண்டு பார்ட்டிஷனையும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் பண்ணி, சிஎச்ரூட் பண்ணி (லேப்டாப்ல இருக்கற உபுண்டுக்குள்ள இருந்தே கமாண்ட் அடிக்கற மாதிரி), க்ரப்-இன்ஸ்டால் ஓட்டணும், பொறுமையா பண்ணா அரை மணி நேர வேலை.

இப்ப நான் பயாஸ் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிடறேன். கீயை ஒரு பேப்பர்ல எழுதி பட்டா வெச்சிருக்கற கவர்லயே போட்டுட்டேன், லேப்டாப்புக்குள்ள மட்டும் வெச்சா லேப்டாப் திறக்காதப்போ அதை எப்படி எடுக்கறது. விண்டோஸுக்கு போறதும் க்ரப் வழியா இல்ல, ஆன் பண்றப்போ எஃப்12 அடிச்சா வர்ற பூட் மெனுல நேரா போயிடறேன், என்கிரிப்ஷன் இருக்கறப்போ க்ரப் வழியா போனா சில சமயம் கீ கேக்கும். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் ஆஃப், அது ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்ணாலும் பாதித் தூக்கத்துலதான் இருக்கும், டி டிரைவ்ல உபுண்டுவால எழுத முடியாது.

டைம் பிரச்சனையும் இருக்கு. உபுண்டு போயிட்டு வந்தா விண்டோஸ்ல கடிகாரம் சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும், உபுண்டு லேப்டாப் கடிகாரத்தை உலகப் பொது நேரமான யுடிசில வெக்கும், விண்டோஸ் அதை நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். விடிகாலைல உக்காந்தா டேலில முந்தின நாள் தேதி விழும், கணக்கு எழுதறவங்க இதைக் கண்டிப்பா கவனிங்க. உபுண்டுவை லோக்கல் டைமுக்கு மாத்தறதுக்கு ஒரே கமாண்டுதான்.

லைவ் பென்டிரைவையும் அப்பப்ப புதுசா எழுதிக்கங்க. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் செக்யூரிட்டி அப்டேட்ல பழைய ஷிம் ஃபைலுங்களை, நம்பகமானதை மட்டும் ஆரம்பிக்க விடற செக்யூர் பூட் ஏத்துக்காத மாதிரி மாத்தினாங்க, அப்ப பழைய லினக்ஸ் பென்டிரைவ் நிறைய எஸ்பேட் எரர் காட்டி நின்னுச்சு. ஆபத்துக்குன்னு வெச்சிருக்கற பென்டிரைவே ஓடலன்னா அந்த நேரத்துல கையும் ஓடாது காலும் ஓடாது.

போன மாசம் பாலக்கோட்டுல இருந்து சித்தப்பா பையன் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணான். உபுண்டு இன்ஸ்டாலர்ல எஸ்எஸ்டி தெரியலன்னு பயாஸ்ல எஸ்எஸ்டியை இயக்கற முறையை ஆர்எஸ்டில இருந்து ஏஹெச்சிஐனு மாத்தியிருக்கான், விண்டோஸ் இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்னு நீலமா நிக்குது. "அண்ணா, கடைல ஃபார்மேட் பண்ணணும்ங்கறாங்க, பண்ணிடட்டுமா"ன்னான். "எதையும் தொடாதடா, முதல்ல மாத்தினதை பழையபடி வை"ன்னேன். வெச்சான், விண்டோஸ் வந்துச்சு. பிட்லாக்கர் கீயை எழுதி வெக்கச் சொல்லிட்டு, சேஃப் மோட் செட் பண்ணி, ரீஸ்டார்ட்ல ஏஹெச்சிஐ மாத்தி, ஒரு தடவை சேஃப் மோட்ல உள்ள போயிட்டு அதை எடுத்துவிடச் சொன்னேன். பன்னெண்டேகாலுக்கு இன்ஸ்டாலர்ல எஸ்எஸ்டி தெரியறதை போட்டோ எடுத்து அனுப்பினான்.