ஸ்டார் ட்ரெக் டாக்டர்களில் யாரோடு நைட் டியூட்டி பார்ப்பேன்?

26 வருடம் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு டாக்டர் ரவுண்ட்ஸுக்கு உள்ளே நுழையும்போது அவர் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்ப்பது இன்னும் விடாத பழக்கம். கேஸ் ஷீட்டுக்கா, படுத்திருப்பவர் முகத்துக்கா? டிவியில் வரும் டாக்டரையும் அப்படித்தான் எடை போடுகிறேன். என் மகனுக்கு ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடர் என்றால் கப்பல், ஒளியை மிஞ்சும் வார்ப் வேகம், கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக வீரர்களோடு சண்டை. எனக்கு சிக்பே, அதாவது கப்பலுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி, மட்டும்தான். கப்பல் குலுங்கி ஆட்கள் தரையில் உருளும்போது அவன் எதிரிக் கப்பல் எங்கே என்று தேடுவான். நான், "கழுத்தை அசைக்காமல் தூக்குங்கப்பா" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

"உனக்கு யார்மா பெஸ்ட்?" என்று ஒருநாள் கேட்டான். சட்டென்று ஒரு பெயர் வரவில்லை. ஓய்வுதானே, பழைய தொடர்களை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். யார் கெட்டிக்காரர் என்று பார்க்கவில்லை. எல்லாருமே கெட்டிக்காரர்கள்தான், 40 நிமிடத்தில் மருந்து கண்டுபிடித்துவிடுகிறார்கள். இவரோடு நைட் டியூட்டி போட்டால் சந்தோஷமாகப் போவேனா, லீவு கேட்பேனா? இதுதான் என் அளவுகோல். கதை முடிச்சுகளை அவிழ்த்துத்தான் எழுதுகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

மெக்காயிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1966-இல் வந்த முதல் தொடரின் டாக்டர். அவருக்கு முன்னால் எடுத்த இரண்டு முன்னோட்ட எபிசோடுகளில் வேறு இரண்டு டாக்டர்கள் வந்து போய்விட்டார்கள். டிஃபாரஸ்ட் கெல்லி மூன்றாவது ஆள். முதல் சீசனில் தொடக்க டைட்டிலில் அவர் பெயர் கூட இல்லை, இரண்டாவது சீசனில்தான் ஏறியது. அவருடைய ஆபரேஷன் கருவிகள் சில, உண்மையில் கடையில் வாங்கிய உப்புக் குடுவைகள் என்று சொல்வார்கள். உப்பு உறிஞ்சும் பிராணி வரும் எபிசோடுக்காக விதவிதமாக வாங்கி வந்தார்களாம். பார்க்க உப்புக் குடுவை மாதிரியே இல்லை என்று ஒதுக்கிவிட்டு, டாக்டர் கையில் கொடுத்துவிட்டார்களாம்.

மெக்காயை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒருவர் இருப்பார். வாய் திட்டிக்கொண்டே இருக்கும், கால் மட்டும் நோயாளியை நோக்கி ஓடும். 'தி டெவில் இன் தி டார்க்' எபிசோடில் காயம்பட்ட நோயாளி, பாறை மாதிரி ஒரு பிராணி. நான் டாக்டர், கொத்தனார் இல்லை என்று கேப்டன் கிர்க்கிடம் பொருமுகிறார். அடுத்து அவரைப் பார்க்கும்போது கை நிறைய சிமெண்ட். காயத்தில் பூசி மூடிவிட்டு, முகத்தில் அப்படியொரு குழந்தைச் சிரிப்பு. புதிதாக ஒரு கேஸைக் காப்பாற்றிய டாக்டர் காரிடாரில் நடந்து வரும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு.

1986-இல் வந்த நான்காவது படத்தில் அவர் நம் காலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நுழைகிறார். காரிடாரில் ஸ்ட்ரெச்சரில் ஒரு பாட்டி. என்ன என்று கேட்கிறார், டயாலிசிஸ் என்கிறார் பாட்டி. மெக்காய்க்குக் கோபம் பொங்குகிறது, ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டிக்குப் புதுச் சிறுநீரகம் முளைத்துவிட்டது. தியேட்டரே சிரிக்கும் காட்சி அது. நானும் சிரித்தேன். அப்புறம் டயாலிசிஸ் யூனிட்டில் இருந்த வருடங்கள் நினைவுக்கு வந்தன. வாரம் மூன்று முறை வந்து நான்கு மணி நேரம் மெஷினோடு கிடந்த முகங்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

இவரிடம் எனக்கு ஒரே குறை, நர்ஸ் சாப்பல். மேஜல் பாரெட் நடித்த அந்தப் பாத்திரத்துக்குக் கப்பல் அதிகாரி ஸ்பாக்கைப் பார்த்து ஏங்குவதைத் தவிரப் பெரிதாக வேலை தரவில்லை. 1979 படத்தில் டாக்டராகி வந்து நிற்கும்போது நான் தனியாகக் கை தட்டினேன்.

அடுத்து வந்த 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் டாக்டர் க்ரஷர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல டாக்டர், நிதானமானவர், கேட்ஸ் மெக்ஃபேடன் அழகாகச் செய்திருக்கிறார். ஆனால் எழுதியவர்கள் அவரைப் பையனின் அம்மாவாகவும் கேப்டனின் தோழியாகவுமே பார்த்தார்கள். 'எதிக்ஸ்' எபிசோடில் மட்டும் பல் தெரிகிறது. கப்பலில் இருக்கும் கிளிங்கான் அதிகாரி வார்ஃபின் முதுகெலும்பு நொறுங்கிக் கிடக்கிறது. இன்னும் சரியாகச் சோதிக்காத சிகிச்சையை அவன் மேல் செய்து பார்க்கத் துடிக்கிறாள் வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சி டாக்டர். க்ரஷர் அவளைப் பிடித்து வாங்கும் வாங்கு இருக்கிறதே, அதற்காகவே பார்க்கலாம். மெழுகுவர்த்தியில் குடியிருக்கும் ஆவியோடு அவருக்குக் காதல் வரும் எபிசோடை நான் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சொல்லப்போவதற்கு என் மகன் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. எனக்கு புலாஸ்கியைப் பிடிக்கும். இரண்டாவது சீசன் மட்டும் க்ரஷருக்குப் பதிலாக வந்தவர், நடித்தவர் டயானா முல்டார். ரசிகர்களுக்கு அவர் மேல் கோபம், காரணமும் உண்டு. கப்பல் அதிகாரியான, மனித உருவ ரோபோ டேட்டாவை ஒரு மெஷின் மாதிரி நடத்துகிறார், பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு, எப்படிச் சொன்னால் என்ன என்கிறார். அது தப்புதான், வாதாட வரவில்லை.

ஆனால் 'அப் தி லாங் லேடர்' எபிசோடைப் பாருங்கள். வார்ஃப் வேலையில் இருக்கும்போது மயங்கி விழுகிறான். சோதித்தால், கிளிங்கான் குழந்தைகளுக்கு வரும் அம்மை மாதிரி ஒரு நோய். அவ்வளவு பெரிய வீரனுக்குச் சின்னப் பிள்ளை வியாதி. வெட்கத்தில் அவன் சுருங்கிப் போகிறான். கேப்டன் கேட்கும்போது புலாஸ்கி முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஏதோ கிளிங்கான் விரதமாம், சாப்பிடாததால் மயக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறார். அதற்கு நன்றியாக வார்ஃப் தங்கள் குலத்து தேநீர்ச் சடங்கைச் செய்து காட்டுகிறான். அந்தத் தேநீர் மனிதர்களுக்கு விஷம். இவர் முறிமருந்தைப் போட்டுக்கொண்டு அவனோடு உட்கார்ந்து குடிக்கிறார்.

ஒரு பெரிய டாக்டரோடு நான் ரவுண்ட்ஸ் போயிருக்கிறேன். ஜெனரல் வார்டில், பக்கத்துக் கட்டிலுக்கு வந்த விருந்தாளிகள் காது கேட்க, ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை உரக்கப் படித்தார். அவள் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். அந்தப் போர்வையைப் பார்த்தவர்களுக்குத்தான் புலாஸ்கியின் பொய்யின் அருமை தெரியும்.

ஃப்ளாக்ஸ் விஷயத்தில் எனக்கு மனவருத்தம். 2001-இல் தொடங்கிய 'என்டர்பிரைஸ்' தொடரில் டெனோபுலன் என்ற வேற்றுக்கிரக இனத்து டாக்டர், நடித்தவர் ஜான் பில்லிங்ஸ்லி. மூன்று மனைவிகள், அந்த மூவருக்கும் இவரையும் சேர்த்து மும்மூன்று கணவர்கள். சிக்பே முழுக்கக் கூண்டுகள், அட்டை, வௌவால், விலாங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியப் பயன். நோயாளியிடம் அவர் காட்டும் ஆர்வம் உண்மையானது, முகம் மலர்ந்து கேட்பார். கூண்டு கழுவும் வேலை என் தலையில் விழாத வரை இவரோடு டியூட்டி பார்ப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

'டியர் டாக்டர்' வந்து கெடுத்தது. ஒரு கிரகமே மரபணு நோயால் அழிந்துகொண்டிருக்கிறது. உதவி கேட்டு வந்து நிற்கிறார்கள். ஃப்ளாக்ஸ் மருந்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்த பிறகு, அதே கிரகத்தில் அடங்கி வாழும் இன்னொரு இனம் முன்னேற வேண்டும், பரிணாமத்தில் நாம் தலையிடக் கூடாது என்று சொல்லிக் கொடுக்காமல் விடுகிறார். கேப்டனும் தலையாட்டி, வலி குறைக்கும் மருந்து மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஆழமான தத்துவம் என்று இதைப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தத்துவம் தெரியாது. கையில் மருந்தை வைத்துக்கொண்டு, கேட்டு வந்தவரிடம் இல்லை என்றவரை நான் என் வார்டில் விட மாட்டேன். பரிணாமத்துக்கு முன்கூட்டியே எழுதிய திட்டம் ஒன்று இருப்பது மாதிரி ஒரு டாக்டர் பேசுவது தனி எரிச்சல்.

பஷீர் நேர் எதிர். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடங்கும்போது தாங்க முடியாத ஆள். அலெக்ஸாண்டர் சித்திக் வேண்டுமென்றேதான் அப்படி நடித்தாரோ என்னவோ. போரில் சிதைந்து மீண்டுகொண்டிருக்கும் மக்கள் நடுவில் வந்து நின்று, எல்லைப்புற மருத்துவம், சாகசம் என்று கண் பளபளக்கப் பேசுகிறான். அந்த மண்ணில் பிறந்த கீராவிடமே சொல்கிறான். படிப்பு முடித்த கையோடு வரும் ஹவுஸ் சர்ஜன்கள் பாதிப்பேர் இப்படித்தான். ஆறு மாதம் போனால் சரியாகிவிடுவார்கள்.

பஷீருக்கு நான்காவது சீசன்வரை ஆனது. 'தி குவிக்கனிங்', 1996. டொமினியன் என்ற எதிரி வல்லரசு பரப்பிய நோய் ஒன்று. அந்த ஊரில் எல்லாருமே பிறக்கும்போதே அதோடு பிறக்கிறார்கள், எப்போது முற்றும் என்று தெரியாது. அங்கே ட்ரெவியன் என்று ஒரு வைத்தியர், அவர் செய்வது ஒன்றுதான், வலி வந்தவருக்கு விஷம் கொடுத்து அமைதியாக அனுப்பிவைப்பது. பஷீர் அவரை வெறுக்கிறான், ஒரு வாரத்தில் குணமாக்கிக் காட்டுகிறேன் என்கிற மாதிரி இறங்குகிறான். கடைசியில் அவன் கருவிகளிலிருந்து வரும் அலைகளே கிருமியை வெறிகொள்ளச் செய்திருக்கின்றன. நம்பி வந்தவர்கள் அலறி அலறிச் சாகிறார்கள். அவர்கள் கேட்பது அந்த விஷத்தைத்தான். கொடுக்க ட்ரெவியன்தான் வர வேண்டியிருக்கிறது.

கப்பல் கிளம்புகிறது, இவன் கிளம்பவில்லை. எகோரியா என்ற கர்ப்பிணி ஒருத்திக்காகத் தங்கிவிடுகிறான். குழந்தை பிறக்கும்வரை அவள் உயிரைப் பிடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான் இப்போது அவன் இலக்கு. பிறக்கிறது. குழந்தையின் உடம்பில் நோயின் தழும்பு இல்லை. மருந்து தாய்க்கு வேலை செய்யவில்லை, வயிற்றுக்குள் இருந்ததுக்குச் செய்திருக்கிறது. தாய் அதைப் பார்த்துவிட்டுச் சாகிறாள். இனிமேல் பிறப்பவர்களுக்கு இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுக்கும் வேலையை விஷ வைத்தியர் ட்ரெவியன் எடுத்துக்கொள்கிறார். ஊர் திரும்பிய பஷீர் எல்லாரும் பாராட்டியும் கேட்காமல், இருப்பவர்களுக்கு மருந்து தேடி மறுபடி மறுபடி சோதித்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பஷீரோடு எத்தனை நைட் வேண்டுமானாலும் போடலாம்.

புதியவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' எம்பெங்கா கனமான ஆள். தீராத நோய்பட்ட மகளை, ஆட்களை இடம்விட்டு இடம் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் மெஷினுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் அப்பா. 'லோயர் டெக்ஸ்' கார்ட்டூனில் வரும் பூனை டாக்டர் டானா கெட்ட வார்த்தையில்தான் பேசுவார், ஆனால் வேலை சுத்தம். 'டிஸ்கவரி'யின் கல்பர் செத்துப் பிழைத்தவர், அதனாலேயே நோயாளியிடம் மென்மை. மூவருக்கும் இன்னும் நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, என் ஆள் யார்? பெயரே இல்லாதவர். 1995-இல் 'வாயேஜர்' தொடரில் வந்த, ஒளியால் ஆன கம்ப்யூட்டர் உருவமான ஹோலோகிராம் டாக்டர், நடித்தவர் ராபர்ட் பிக்கார்டோ. நிஜ டாக்டர் இறந்துபோனதால் அவசரத்துக்குப் போட்டுவைத்த புரோகிராம் ஏழு வருடம் டியூட்டி பார்க்கிறது. ஆரம்பத்தில் அகராதி பிடித்தவர், நோயாளியின் புலம்பலை நேர விரயம் என்று நினைப்பவர். 'டாட்டூ' எபிசோடில் அவருக்கு உதவியாக இருக்கும் கெஸ் ஒரு நாள் நேராகவே சொல்லிவிடுகிறாள்: உங்களுக்கு உடம்புக்கு வந்ததே இல்லை, அதனால்தான் வலி புரியவில்லை. உடனே தனக்குத் தானே 29 மணி நேரத்துக்குக் காய்ச்சலைப் புரோகிராம் செய்துகொள்கிறார். தும்மிக்கொண்டே, பார், நான் வேலையை விட்டேனா என்று பெருமை அடிக்கிறார். 29 மணி நேரம் முடிகிறது. காய்ச்சல் நிற்கவில்லை. அந்த இடத்தில் பிக்கார்டோவின் முகத்தைப் பாருங்கள், பெருமையெல்லாம் வடிந்து பயம் வருகிறது. கெஸ்தான் சொல்லாமல் நேரத்தைக் கூட்டியிருக்கிறாள். எப்போது முடியும் என்று தெரிந்தால் அது என்ன நோய் என்பது அவள் கணக்கு. டிவி தொடர் எழுதிய யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் நிறைய நாள் படுத்துக் கிடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் 1999-இல் வந்த 'லேட்டண்ட் இமேஜ்'. இரண்டு பேர் ஒரே காயத்தோடு கொண்டுவரப்படுகிறார்கள், ஹாரி கிம், ஜெட்டல் என்ற இளம்பெண். பிழைக்க வாய்ப்பு இருவருக்கும் சமம், நேரம் ஒருவருக்குத்தான் இருக்கிறது. கிம்மைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தப் பெண் இறந்துவிடுகிறாள். ஏன் கிம்? நண்பன் என்பதாலா? இந்தக் கேள்வியில் அவருடைய புரோகிராமே சுழன்று சிக்கிக்கொள்கிறது. கேப்டன் ஜேன்வே அந்த நினைவை அழித்துவிடுகிறார். பல மாதம் கழித்து அது வெளியே வருகிறது, மறுபடி சிக்கிக்கொள்கிறார்.

ஒரு இரவு என் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருவருக்கும் ஒரே நேரத்தில் மோசமானது. டியூட்டி டாக்டர் ஒருவர்தான். இடது பக்கம் போனார். வலது பக்கம் நான் நின்றேன், நான் செய்ய முடிந்ததைச் செய்தேன், போதவில்லை. விடிந்ததும் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்டெதாஸ்கோப் குழாயை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் படி இறங்கிப் போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஜேன்வே இரண்டாவது முறை நினைவை அழிக்கவில்லை. அவர் தானே அதைக் கடக்கட்டும் என்று விட்டு, கப்பல் ஆட்கள் முறைபோட்டு இரவும் பகலும் கூட உட்காருகிறார்கள். ஜேன்வேயும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் அதே கேள்வியைச் சுற்றிச் சுற்றிப் புலம்பிக்கொண்டே இருக்கிறார், திடீரென்று நிறுத்துகிறார். ஜேன்வேயின் முகத்தைப் பார்க்கிறார். உங்களுக்குக் காய்ச்சல் இருக்கிறது, தலைவலியும் இருக்க வேண்டும், போய்ப் படுங்கள் என்கிறார்.

மகனிடம் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டச் சொன்னேன்.