கிளிப் மேக்ரோ லென்ஸ்: பனித்துளி ஓடாது, பூச்சி ஓடும்

செல்போன் கேமரா மேல் கவ்விக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் ஒன்று ஆறு மாதமாக என் சட்டைப் பையில் இருக்கிறது. பூச்சி பார்க்கப் போகும்போதெல்லாம் கூடவே வரும். பெட்டியில் 10 மடங்கு என்று போட்டு, பனித்துளியும் பூவிதழுமாக அழகழகான படங்கள் அச்சடித்திருந்தார்கள். அந்த அழகை நம்பித்தான் வாங்கினேன். இப்போது அழகுக்காக அதை நான் எடுப்பதே இல்லை.

ஒரு நாள் காலையில் நண்பர்களோடு போனபோது பூவில் உட்கார்ந்திருந்த ஒன்றைத் தேனீ என்று அடித்துச் சொன்னேன். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, வேறென்ன வேண்டும்? லென்ஸ் போட்டு எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் இறக்கை 2தான் இருக்கிறது. தேனீக்கு 4. பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல ஒரு சிறு குமிழ். உணர்கொம்போ, இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. ஹோவர்ஃப்ளை! தேனீ வேஷம் போட்ட ஈ. உயிரினங்களைப் படமெடுத்துப் போட்டால் மற்றவர்கள் அடையாளம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் இதற்கு முன் நான் தேனீ என்று பதிவேற்றியவற்றில் எத்தனை ஈயோ, தெரியவில்லை.

அந்தத் தளத்தில் ஒரு பதிவு ‘ரிசர்ச் கிரேடு’, அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தரம், ஆக வேண்டுமானால் தேதி, இடம், படம் அல்லது ஒலிப்பதிவு எல்லாம் இருக்க வேண்டும். அடையாளம் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனப்பெயரில் ஒத்துப்போகவும் வேண்டும். மங்கலான படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்? எறும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுத்த படம் பெரும்பாலும் வீண். பக்கவாட்டில் எடுத்தால்தான் இடுப்புக் கணு 1 இருக்கிறதா 2 இருக்கிறதா என்று தெரியும். அந்த அளவுக்கு இந்த லென்ஸ் காட்டிவிடுகிறது.

சரி, குறைகள். 10 மடங்கு என்றால் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமார் 2.5 சென்டிமீட்டர்தான் இருக்கும். அவ்வளவு கிட்டே போவதற்குள் தும்பி பறந்துவிடும். நம் போனின் நிழல் வேறு அதன் மேல் விழும். கூர்மையாகத் தெரியும் ஆழமும் மிகக் குறைவு. கண் தெளிந்தால் கால் கலங்கும். முதல் மாதம் நான் எடுத்ததில் பாதி, பூச்சி போன பிறகு மிஞ்சிய இலை.

அப்புறம்தான் பழகியது. இலைக்காம்பை இடது கையால் பிடித்து, அந்தக் கை மேலேயே போனைச் சாய்த்துவிட்டால் காற்றடித்தாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும். ஃபோகஸைப் பூட்டிவிட்டு போனை மட்டும் மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்தி, சரமாரியாக எடுக்க வேண்டும். எதற்கும் முதலில் லென்ஸ் இல்லாமல் தூரத்திலிருந்து ஒரு படம், உட்கார்ந்திருக்கும் செடிக்கு ஒரு படம். வெயில் ஏறுவதற்கு முன் போனால் பூச்சிகள் உடம்பு சூடேறாமல் மந்தமாக இருக்கும், நம்மைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று கேமரா உள்ள போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிட்டே போனதும் போன் தானாகவே வேறு கேமராவுக்குத் தாவும், திரை இருட்டாகிவிடும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பவே பார்த்தேன். அமைப்புகளுக்குள் போய் அந்தத் தாவலை நிறுத்தினால் சரியாகிவிடும். போனுக்கு உறை போட்டிருந்தால் கிளிப் நேராக உட்காராது, கழற்றிவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்தது கிளிப்பின் ரப்பர்தான். நாலாவது மாதமே வழுவழுத்து நழுவ ஆரம்பித்தது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதிலே இல்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறேன். முன்பைவிட நன்றாகவே கவ்வுகிறது.