பேஸ்பால் அட்டையா, ஆட்டத்தில் பயன்பட்ட பொருளா: இரண்டையும் சேர்த்த ஒருவரின் மதிப்பீடு

ஒரே ஆட்டக்காரருக்காக ஒரே தொகையைச் செலவிட விரும்புகிறவருக்கு அமெரிக்க பேஸ்பால் சந்தை இரண்டு வகைப் பொருள்களைக் காட்டுகிறது. ஒன்று, அவருடைய படத்தை அச்சிட்ட அட்டை. மற்றொன்று, அவர் அணிந்த ஜெர்சி, பிடித்த மட்டை, அடித்த பந்து என ஆட்டத்திலேயே பயன்பட்ட பொருள். இரண்டையும் வாங்கியும் விற்றும் பார்த்த எனக்கு ஒரு தெளிவான முடிவு இருக்கிறது. விலையை அறிந்து வாங்கி, தேவைப்படும் நாளில் விற்க நினைப்பவருக்கு அட்டையே ஏற்றது. ஆட்டத்தையே தொட்டுப் பார்க்க நினைப்பவருக்கு, தக்க சான்றுடன் வரும் ஒரு சாதாரணப் பந்துகூட விலையுயர்ந்த அட்டையைவிட நிறைவைத் தரும். இவ்விரண்டுக்கும் நடுவே விற்கப்படும் கலப்புப் பொருளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டையின் பெரிய பலம், அது என்ன பொருள் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை என்பதுதான். அட்டைகளை அச்சிடும் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட வரிசையின் 311ஆம் எண் என்றால் அது ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலின் அட்டை; அதைப் போன்ற வேறு பிரதிகள் இருக்கின்றன, அவை முன்பு என்ன விலைக்குப் போயின என்ற கணக்கும் இருக்கிறது. எனவே புதிதாக வருகிறவர்கூட ஒரு மாலைப் பொழுதில் பழைய ஏல முடிவுகளைப் படித்து, கேட்கப்படும் விலை நியாயமானதா என்று ஓரளவு தீர்மானித்துவிடலாம். 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இந்தத் தெளிவை இன்னும் கூட்டின. அவை அட்டையின் மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் அளித்து, அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டுத் தருகின்றன.

ஆனால் இந்த மதிப்பெண்ணே அட்டைச் சேகரிப்பின் குறையாகவும் ஆகிவிட்டது. 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு மேண்டில் அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்கு எஸ்.ஜி.சி. என்ற மற்றொரு மதிப்பீட்டு நிறுவனம் அளித்திருந்த மதிப்பெண் 9.5. 1952இல் அதே அச்சில் வந்து, மூலை மழுங்கிய ஒரு பிரதிக்கு இதில் மிகச் சிறிய பங்குதான் கிடைக்கும். அந்த மழுங்கல், 1952இல் ஒரு சிறுவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்ததற்கான அடையாளமாக இருக்கக்கூடும். அதாவது, யாரும் அனுபவிக்காமல் விட்ட பிரதிக்கே உச்ச விலை. விற்காமல் தேங்கிய 1952 அட்டைப் பெட்டிகளை டாப்ஸ் நிறுவனம் 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அந்த வரிசையின் பிற்பகுதி அட்டைகள் அரிதானதற்கு அதுவும் ஒரு காரணம். அரிதாக இருப்பது ஆட்டக்காரரின் திறமையால் மட்டும் வருவதில்லை என்பதை விலைப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

இதன் மறுபக்கம் 1980களின் இறுதியில் தெரிந்தது. அட்டைகள் முதலீடு என்று பேசப்பட்ட அந்தக் காலத்தில் நிறுவனங்கள் அளவில்லாமல் அச்சிட்டுத் தள்ளின. மக்களும் அவற்றைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். அப்பர் டெக் என்ற அட்டை நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டு வரிசையில் முதல் எண்ணாக வந்த கென் கிரிஃபி ஜூனியர் அட்டை மிகவும் அழகானது, அந்தத் தலைமுறையின் அடையாளம் என்றும் சொல்லலாம். ஆனால் பி.எஸ்.ஏ.விடம் முழுப் பத்து மதிப்பெண் பெற்ற அதன் பிரதிகள் மட்டுமே 4,000க்கும் மேல் இருக்கின்றன. அதை அன்புக்காக வாங்கலாம். அரிய பொருள் என்று நம்பி வாங்கக் கூடாது.

உறைக்குள் இருப்பதால் மட்டும் அட்டை குற்றமற்றது என்றும் ஆகிவிடாது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் அட்டைகளில் மிகப் புகழ்பெற்ற பிரதியே பி.எஸ்.ஏ. முதன்முதலாக மதிப்பிட்ட அட்டை. அதற்கு 8 மதிப்பெண் கிடைத்தது. அந்த அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இருந்தும், மதிப்பீட்டு நிறுவனங்கள் இல்லாத நிலையைவிட இருக்கிற நிலை வாங்குபவருக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

ஆட்டத்தில் பயன்பட்ட பொருளுக்கு வருவோம். இங்கே எல்லாமே தலைகீழ். அட்டையில் குறையாகக் கருதப்படுவது இங்கே சான்றாகிறது: மட்டையில் விழுந்த விரிசல், பிடிப்புக்காகக் கைப்பிடியில் பூசிய தார்ப் பிசின், ஜெர்சியின் முழங்கைப் பக்கத்துக் கறை, பந்தின் மேல் படிந்த மண் நிறம். அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் பந்துகள் ஆட்டத்துக்கு முன் ஒரு தனி வகைச் சேற்றால் தேய்க்கப்படுகின்றன; நியூ ஜெர்சிப் பகுதியில் டெலாவேர் ஆற்றோடு சேரும் ஓர் ஓடையிலிருந்து எடுக்கப்படும் அந்தச் சேறு, புதிய தோலின் வழவழப்பைப் போக்கி வீச்சாளருக்குப் பிடிப்பைத் தருகிறது. ஆகவே பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் பந்தை ஆட்டத்தில் பயன்பட்டது என்று ஒருவர் விற்க வந்தால், கையொப்பத்தைப் பார்ப்பதற்கு முன் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வகைப் பொருள் ஒவ்வொன்றும் தனிப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி கிடையாது. எனவே பொருளின் மதிப்பு முழுவதும் சான்றில் அடங்கியிருக்கிறது. 1990களில் எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணை, விளையாட்டுக் கையொப்பச் சந்தையில் போலிகள் எவ்வளவு பெருகியிருந்தன என்பதை வெளிக்கொண்டுவந்தது. அதற்குப் பின் 2001இல் மேஜர் லீக் பேஸ்பால் தொடங்கிய சான்றளிப்புத் திட்டத்தையே இந்தத் துறையில் நடந்த மிகச் சிறந்த சீர்திருத்தமாகக் கருதுகிறேன். காவல் துறையில் பணியாற்றுகிறவர்களும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் ஒவ்வோர் ஆட்டத்திலும் களத்தருகே அமர்ந்திருப்பார்கள். ஆட்டத்திலிருந்து விலக்கப்படும் பந்து அவர்கள் பார்வையிலேயே அவர்கள் கைக்கு வரும். அதில் எண்ணுள்ள ஹாலோகிராம் வில்லையை ஒட்டிப் பதிவு செய்வார்கள். அந்த எண்ணை லீக்கின் இணையதளத்தில் இட்டால், எந்தத் தேதி, எந்த ஆட்டம் என்பது தெரியும்; பல பந்துகளுக்கு எந்த இன்னிங்ஸ், வீசியவர் யார், எதிர்கொண்டவர் யார் என்பதுவரை தெரியும்.

இத்திட்டத்தின் கண்டிப்பைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். சான்றாளர் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு வில்லை கிடைக்காது. ரசிகர் கூட்டத்துக்குள் விழுந்து பார்வையிலிருந்து மறைந்த பந்துக்குப் பொதுவாகச் சான்று தர மாட்டார்கள். அதனால்தான் பெரிய சாதனை நெருங்கும்போது முன்கூட்டியே குறியிட்ட பந்துகளை நடுவர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்த வழக்கம் திட்டத்துக்கும் முந்தையது: 1998இல் மார்க் மெக்வயர் ஒரே பருவத்தில் அடித்த எழுபதாவது ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு அப்பால் அடிப்பது) பந்துக்கு மறு ஆண்டு ஏலத்தில் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கிடைத்ததற்குப் பின்னால் அத்தகைய குறியும் இருந்தது.

திட்டம் தொடங்குவதற்கு முந்தைய பொருள்களுக்குப் புகைப்படமே சாட்சி. பழைய ஆட்டப் படங்களைப் பெரிதாக்கி, தைத்த எழுத்து சட்டையின் பொத்தான் வரிசையோடு எந்த இடத்தில் சேருகிறது, கோடுகள் தையலில் எப்படிச் சந்திக்கின்றன, மட்டையின் மர ரேகையும் கணுவும் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். இதன் ஆற்றலைக் காட்ட, பழம்பெரும் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் ஒரே ஒரு ஜெர்சி போதும். பருவ முடிவில் நடக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1932இன் மூன்றாவது ஆட்டத்தில், சிகாகோவின் ரிக்லி களத்தில், பந்தை அடிக்கப்போகும் திசையை அவர் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்ததாகச் சொல்லப்படும் நாளில் அணிந்திருந்த சட்டை அது. 2005இல் அது 9,40,000 டாலருக்கு விற்றது. பின்னர் புகைப்பட ஒப்பீடு அதை அந்த ஆட்டத்தோடு உறுதியாக இணைத்தது; 2024 ஆகஸ்டில் 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டி விலை போனது. சந்தையும் இடையில் உயர்ந்தது உண்மைதான். இருப்பினும் துணி அதே துணி. அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது மட்டுமே மாறியது. அட்டை உலகில் இதற்கு இணையான ஒன்றை நான் கண்டதில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. விற்பது கடினம், வாங்குபவர் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், விலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேசித் தீர்க்கப்படும். 1970களுக்கு முந்தைய கம்பளி ஜெர்சிகளைப் பூச்சி அரிக்கும். கையொப்பமிட்ட பந்து வெயில் பட்டால் மை வெளுத்துவிடும். மட்டைகளுக்கு இடம் வேண்டும். உரிமைத் தகராறும் வரும்: ஷோஹெய் ஓட்டானி 2024இல் அடித்த ஐம்பதாவது ஹோம் ரன் பந்து யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அது ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கும் மேல் போனது. விற்பனை விவரத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டிய அவசியமும் அதிகம். ஆட்டக்காரருக்காக அணி தைத்து வைத்த சட்டை வேறு, அவர் ஆட்டத்தில் அணிந்த சட்டை வேறு, விளம்பர நிகழ்ச்சிக்காகச் சில நிமிடங்கள் உடலில் போட்டுக் கழற்றிய சட்டை வேறு. மூன்றும் ஒரே ஏலப் பக்கத்தில் அடுத்தடுத்து வரும்.

இப்போது கலப்புப் பொருள். 1997இல் அப்பர் டெக் நிறுவனம் கிரிஃபி உள்ளிட்ட சிலரின் ஜெர்சித் துணியை வெட்டிப் பேஸ்பால் அட்டைக்குள் பதித்து வெளியிட்டது. அன்று அது உண்மையிலேயே புதுமை. ஒரு சிறு துண்டாவது என் கைக்கு எட்டும் என்ற மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். பின்னர் அது வழக்கமாகி, 2003இல் டான்ரஸ் நிறுவனம் இரண்டரை லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து ஒரு பேப் ரூத் ஜெர்சியை வாங்கி, அட்டைகளுக்காகத் துண்டு போட்டது. இரு வகைச் சேகரிப்பாளர்களும் எதிர்த்தார்கள். நானும் எதிர்ப்பவர்கள் பக்கம்தான். முழுச் சட்டைக்கு வரலாறு இருக்கிறது. வெட்டிய சதுரத்தில் ரூத்தின் எண்ணும் இல்லை, தையலும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்படமும் இல்லை. இன்று விற்கும் பல அட்டைகளின் பின்புறத்தில், உள்ளே இருக்கும் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையோ நிகழ்வையோ பருவத்தையோ சேர்ந்ததல்ல என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையின் தெளிவும் இல்லாமல், பொருளின் சாட்சியும் இல்லாமல் போன இந்த வகைக்குக் கூடுதல் விலை கொடுக்க நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2023 முதல், மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடுகிறவர் சட்டைக் கையில் ஒரு தனிச் சின்னம் அணிகிறார். ஆட்டம் முடிந்ததும் அதை அகற்றிச் சான்றளித்து டாப்ஸிடம் தருகிறார்கள். அது ஒரே ஒரு அட்டையில் பதிக்கப்படுகிறது. பிட்ஸ்பர்க் வீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் அத்தகைய அட்டை உள்ளே எந்த அட்டை என்று தெரியாமல் பிரிக்கும் பொட்டலத்தில் ஒரு சிறுவனுக்குக் கிடைத்து, 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அந்த அட்டைக்கு ஈடாக பருவம் முழுவதும் ஆட்டம் பார்க்கும் இரண்டு சீட்டுகளை முப்பது ஆண்டுகளுக்குத் தருவதாக அணியே முன்வந்திருந்தது. எந்த ஆட்டம், எந்தத் துணி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இருப்பதால் இதை நான் முழு மனத்தோடு பாராட்டுகிறேன். மற்றத் துணி அட்டைகளும் இப்படியே செய்யப்பட்டிருக்கலாம்.

நூறு டாலரோடு தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். பொட்டலங்களைப் பிரித்து அதிர்ஷ்டம் பார்க்காமல், விருப்பமான ஆட்டக்காரரின் அறிமுக ஆண்டு அட்டையை, நடுத்தர மதிப்பெண் உள்ள பிரதியாகத் தனியே வாங்கலாம். எட்டுக்கும் பத்துக்கும் இடையே விலை ஏறும் அளவுக்குக் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. அல்லது, அந்த ஆட்டக்காரர் மட்டையோடு நின்றபோது வீசப்பட்ட, லீக்கின் வில்லை ஒட்டிய பந்து ஒன்றைத் தேடலாம். சாதனை எதுவும் நடக்காத பந்துகளை அணிகளின் அரங்கக் கடைகள் பெரும்பாலும் எட்டக்கூடிய விலையில் விற்கின்றன. இரண்டில் எதை எடுத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன், உறையின் மேலுள்ள எண்ணையோ வில்லையின் எண்ணையோ அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கே காட்டும் விவரமும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்கக் கூடாது.