94 வீதம் காட்டிய மீற்றர்: வானில் பற்றரி மீற்றர் பூட்டுபவர்கள் கவனிக்க

வவுனிக்குளம் பக்கம் மரநிழலில் வானை விட்டு இரண்டு இரவு தங்குவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. டொல்பின் வானின் பின்சீற்றுகளைக் கழற்றிவிட்டு படுக்கைப் பலகை, 12 வோல்ற் பிரிட்ஜ், விசிறி, இரண்டு லைற் வைத்திருக்கிறேன். என்ஜினுக்கு ஒரு பற்றரி, உள்ளே பாவிக்க 100 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈயப் பற்றரி ஒன்று தனியாக. இந்த இரண்டாவதில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஏ9 வீதியோரக் கடை ஒன்றில் மீற்றர் பூட்டினேன். பூட்டுக்கூலியும் சேர்த்து 32,000 ரூபா. பில் கேட்டதற்கு ஒரு துண்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

போன மாதம் வெள்ளி பின்னேரம் 5 மணிக்குப் போய் இறங்கினோம். மீற்றரில் 100. சனி இரவு 11 மணிபோல பிரிட்ஜ் நின்றுவிட்டது, சிவப்பு லைற் மட்டும் மினுங்கியது. மீற்றரைப் பார்த்தால் 94! உள்ளே மாமியின் இன்சுலின் இரண்டு குப்பி இருந்தது. மீனும் பாலும் போனால் போகட்டும், அந்தக் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி, மண்பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விடியும்வரை நான் தூங்கவில்லை. (பிறகு மருந்துக்கடையில் கேட்டபோது, பழுதாகவில்லை, ஆனால் இனி நான்கு கிழமைக்குள் பாவித்து முடியுங்கள் என்றார்கள்.)

காலையில் கடைக்குப் போன் எடுத்தேன். "ஐயா, மீற்றர் பொய் சொல்லாது, பற்றரிதான் செத்துப்போச்சு. வாங்கோ, புதுசு போட்டு விடுறன், 70,000 வரும்" என்றார். வாங்குவோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

வரும் வழியில் மல்லாவியில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். பற்றரி முனைகளில் மல்டிமீற்றரை வைத்தார்: 11.6 வோல்ற். கிட்டத்தட்ட காலி. தன் சார்ஜரை ஒரு மணித்தியாலம் போட்டுக் கழற்றிவிட்டு, "அண்ணை, எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு பிரிட்ஜை மட்டும் போடுங்கோ" என்றார். பிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடுகிறது, மீற்றரில் 0.0 அம்பியர்.

இந்த வகை மீற்றர் வோல்ற்றை வைத்து வீதம் சொல்வதில்லை. பற்றரியின் மைனஸ் வயரில் ஷண்ட் என்று ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். அதற்குள்ளால் போகிற, வருகிற மின்னோட்டத்தைத்தான் அது எண்ணும். எங்கள் பிரிட்ஜின் கறுப்பு வயரை ஷண்டை விட்டுவிட்டு நேரே பற்றரி முனையில் முடுக்கியிருந்தார்கள். விசிறியும் லைற்றும் எடுத்த 12 அம்பியர்-மணியை மட்டும் மீற்றர் எண்ணியது. வன்னி வெக்கையில் பிரிட்ஜ் 30 மணித்தியாலத்தில் குடித்த 60க்கு மேற்பட்டது கணக்கிலேயே இல்லை. இன்னொன்று, மீற்றரில் பற்றரியின் கொள்ளளவு 200 என்று பதிந்திருந்தது. என்னுடையது 100! 200இல் 12 போனால் 94தானே. பூட்டும்போது அதை மாற்ற அரை நிமிடம் போதும்.

ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. தொண்ணூறுகளைப் பார்த்து நம்பி ஓட்டியதில் முந்தின பயணங்களிலும் என் பற்றரி பாதிக்குக் கீழே போயிருக்கிறது. நல்ல பற்றரியை இப்படித் தேய வைத்துவிட்டு, அதையே காரணம் காட்டி இன்னொன்று விற்கப் பார்த்ததுதான் எனக்கு ஆறவில்லை.

பூட்டியவர்கள் இன்றைக்கே பாருங்கள். பற்றரியின் மைனஸ் முனையில் ஷண்டுக்குப் போகும் ஒரே வயர்தான் இருக்க வேண்டும். வேறு வயர் இருந்தால் அது எடுப்பது கணக்கில் வராது. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியே போட்டு அம்பியர் அசைகிறதா என்று பாருங்கள். ஒரு மல்டிமீற்றரும் வைத்திருங்கள். சார்ஜையும் பாவனையையும் நிறுத்தி சில மணித்தியாலம் ஆறவிட்டு அளந்தால் 12.7 நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி. சார்ஜ் கழற்றிய கையோடு அளந்தால் அதிகமாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். லிதியம் வைத்திருப்பவர்களுக்கு வோல்ற் பெரிதாக உதவாது. பெரும்பகுதி நேரம் 13.2 போலவே நிற்கும், அதனால் ஷண்ட் சரியாக இருப்பது இன்னும் முக்கியம்.

திங்கள் கடைக்குப் போய் வயரைக் காட்டினேன். "அது சின்ன விசயம்" என்றார்கள். பணமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. துண்டில் கடைப் பெயர்கூட இல்லாததால் முறையிடவும் வழியில்லை. மல்லாவித் தம்பி வயரை மாற்றி, 100 என்று பதிந்து தந்தார். இப்போது பிரிட்ஜ் ஓடும்போது மீற்றரில் -4.6 அம்பியர் (மைனஸ் என்றால் வெளியே போவது) தெரிகிறது.