"வந்தப்புறம் விசா மாத்திக்கலாம்"னு சொல்றவங்கள நம்பி சீனாவுக்கு டீச்சர் வேலைக்குப் போயிடாதீங்க

போன வாரம் காலேஜ் ஜூனியர் ஒரு பொண்ணு மெசேஜ் பண்ணா. "அக்கா நீங்க சீனால டீச்சரா இருந்தீங்கல்ல, எனக்கும் ஒரு ஆஃபர் வந்திருக்கு, மாசம் 13,000 யுவான், ரூம் ஃப்ரீ, பிசினஸ் விசால வர சொல்றாங்க, வந்தப்புறம் வொர்க் விசாவா மாத்திக்கலாமாம், ஓகேவாக்கா?" அந்தக் கடைசி வரிய படிச்சதும் வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. 2018ல என்கிட்டயும் அச்சு அசலா இதையேதான் சொன்னாங்க. அவளுக்கு வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சேன், 11 நிமிஷம் ஆகியும் முடியல, சரி எழுதியே போட்டுடலாம்னு இந்தப் பதிவு. கொஞ்சம் பெருசுதான், பொறுத்துக்கோங்க.

அப்போ நான் திருச்சில ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர், சம்பளம் 16,500. சென்னைல ஒரு ஏஜென்ட், சீனா பக்கம் வீசாட்ல (அங்கத்த வாட்ஸ்அப், காசும் அதுலயே அனுப்பலாம்) பேசுற ஒரு ரெக்ரூட்டர் அம்மா. 12,000 யுவான்னாங்க, அப்போ ஒரு யுவான் பத்து ரூபா கணக்குல 1,20,000. நம்ம கணக்கு போட மாட்டோமா, ஒரு வருஷத்துல அப்பா வாங்குன வீட்டு லோன முடிச்சிடலாம்னு மனசுலயே முடிச்சிட்டேன். ஏஜென்ட் ஃபீஸ் 1,60,000, ரெண்டு தவணையா கட்டியாச்சு. வொர்க் விசா எடுக்கணும்னா டிகிரி சர்டிபிகேட்ட சென்னைல அட்டெஸ்ட் பண்ணி, டெல்லில வெளியுறவுத்துறை, அப்புறம் சீனத் தூதரகம், கூடவே போலீஸ் கிளியரன்ஸ், எல்லாம் சேர்ந்து மூணு நாலு மாசம் இழுக்கும், அதெல்லாம் வேணாம் நாங்க மூணு வாரத்துல அனுப்பிடுவோம்னாங்க. நானும் பரவாயில்லையே, சுறுசுறுப்பா இருக்காங்களேன்னு நினைச்சேன் பாருங்க, என்னை என்ன சொல்ல.

விசா வந்துச்சு. எம் விசா, அதாவது வியாபார விசா. அதுக்கு ஒரு இன்விடேஷன் லெட்டர் வச்சிருந்தாங்க. அதுல ஜோங்ஷான் பக்கத்துல குஜென்னு ஒரு ஊர்ல இருக்குற கம்பெனி, நான் எல்இடி லைட்டு வாங்க வர்ற வியாபாரியாம், என்னைய வரவேற்கிறாங்களாம். குஜென்ல நிஜமாவே ஊரு பூரா லைட்டுக் கடைதான், அது அப்புறம்தான் தெரிஞ்சுது. எங்க வீட்டுல ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் மாத்தக்கூட அப்பாவத்தான் கூப்பிடுவேன். ரெக்ரூட்டர்கிட்ட கேட்டா "மெய் வெந்தி"ன்னு அனுப்புனாங்க. பிரச்சனை இல்லைன்னு அர்த்தம். நம்மூர்ல மெய்னா உண்மை, அங்க மெய்னா "இல்ல". அந்த வித்தியாசம் புரியறதுக்கு எனக்கு ஏழு மாசம் ஆச்சு.

குவாங்சோ ஏர்போர்ட்ல இறங்கி ஃபோஷான்ல ஒரு பிளாட்ல கொண்டு போய் விட்டாங்க. ஹோட்டல்ல தங்காம வெளிய தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள லோக்கல் போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணணும், அது சட்டம், உண்மைதான். ஆனா அதுக்குன்னு வாங்கிட்டுப் போன பாஸ்போர்ட் என் கைக்கு வர 19 நாள் ஆச்சு. கேட்டப்பல்லாம் மெய் வெந்தி. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அந்தப் பதிவு அன்னைக்கே முடியிற வேலை, அதுக்காக யாரும் பாஸ்போர்ட்ட நாள்கணக்குல வச்சுக்க வேண்டியதில்ல, வேலை குடுக்கறவங்க நம்ம அடையாள பேப்பர பிடிச்சு வைக்கவே கூடாதுன்னு அவங்க லேபர் சட்டமே சொல்லுது.

வேலை ஒரு கிண்டர்கார்டன்ல. வேலைய நான் குறை சொல்லவே மாட்டேன். மூணு வயசுக் குழந்தைங்க, கேட்லயே "டீச்சர்!"னு ஓடி வந்து கால கட்டிக்கும். மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க, வரிசையா குட்டிக் கட்டில், ஒவ்வொரு போர்வைலயும் பேர் தச்சிருக்கும். ஆனா காண்ட்ராக்ட்ல வாரம் 20 மணி நேரம் கிளாஸ்னு போட்டுட்டு, காலைல எட்டுல இருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் உக்கார வச்சாங்க, சனிக்கிழமை மால்ல போய் நின்னு பேரன்ட்ஸ இழுக்குற டெமோ கிளாஸ் வேற. இதுல பெரிய கூத்து, யாராவது கேட்டா கனடான்னு சொல்லணும். இந்தியான்னு வாய தொறக்கக் கூடாது. ஒரு தடவ ஒரு அப்பா நல்ல இங்கிலீஷ்ல "கனடால எந்த ஊரு?"ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஊரு, டொரொன்டோன்னேன். அவர் முகம் மலர்ந்து போச்சு, மனுஷன் அங்கதான் அஞ்சு வருஷம் படிச்சாராம், டொரொன்டோல எந்த ஏரியான்னார். நான் இரும ஆரம்பிச்சவ பாத்ரூம் போற வரைக்கும் நிறுத்தல.

ஏன் கனடான்னா, இங்கிலீஷ் டீச்சருக்கு வொர்க் பெர்மிட் குடுக்கும்போது பொதுவா தாய்மொழி இங்கிலீஷ் நாடுகள்னு ஏழு நாட்டு பாஸ்போர்ட்டத்தான் பார்ப்பாங்க, அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அந்த நாட்டுக் காலேஜ்ல டிகிரி முடிச்சிருந்தா வேற பாஸ்போர்ட்டுக்கும் வழி உண்டு. திருச்சில எம்ஏ முடிச்ச எனக்கு அந்த வேலைக்கு பெர்மிட் கிடைக்க வாய்ப்பே கம்மின்னு ரெக்ரூட்டருக்கு முதல் நாளே தெரியும். அப்போ "வந்தப்புறம் மாத்திக்கலாம்"கிறது என்ன? கிட்டத்தட்ட மாத்தவே முடியாத ஒண்ண மாத்திக்கலாம்னு சொல்லி கூட்டிட்டு வர்றது.

சம்பளம் ரெக்ரூட்டரோட சொந்த வீசாட்ல இருந்து வரும், பேங்க் அக்கவுன்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. முதல் மாசம் 8,700 வந்துச்சு, கேட்டா ரூம் டெபாசிட் 2,500, இன்னும் என்னென்னவோ. (ரூம் ஃப்ரீன்னு சொன்னாங்க, டெபாசிட் ஃப்ரீன்னு சொல்லலையாம்.) நாலாவது மாசம் என்கூட கிளாஸ் எடுக்குற சீன அசிஸ்டென்ட் டீச்சர், தங்கமான பொண்ணு, போன்ல ட்ரான்ஸ்லேட் பண்ணி காட்டுனா, ஸ்கூல் எனக்காக ரெக்ரூட்டருக்கு மாசம் 19,000 குடுக்குதாம். அவ சம்பளம் 3,800. அத காட்டும்போது அவளுக்கு என் மேல கோவமா பாவமான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல.

விசால ஒரு தடவைக்கு 30 நாள்தான் தங்கலாம். அதனால மாசாமாசம் ஹாங்காங் போய் திரும்பி வரணும். ஃபோஷான்ல இருந்து மெட்ரோல குவாங்சோ, அங்க இருந்து ரயில்ல 80 யுவான் கிட்ட குடுத்து ஷென்ஜென், ஸ்டேஷன ஒட்டியே லுவோஹு செக்போஸ்ட், நடந்து அந்தப் பக்கம் போகணும். நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் போக முன்னாடியே ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணி ஒரு சீட்டு பிரின்ட் எடுத்துட்டுப் போகணும், 2017ல இருந்து அப்படி. அந்தச் சீட்டு, ஒரு பன்னு, பத்து நிமிஷம் அந்தப் பக்கம் நின்னுட்டு திரும்ப க்யூ. ஒவ்வொரு தடவையும் ஆபீசர் ஸ்டாம்ப்பா புரட்டிப் பாத்துட்டு "பிசினஸ்?"னு கேப்பார், நானும் "லைட்ஸ்"ம்பேன். உள்ளங்கை ரெண்டும் நனைஞ்சு போயிருக்கும். செலவு எல்லாம் என் கைக்காசு.

மார்ச் மாசம் ஒரு நாள் காலைல பத்து மணி இருக்கும், கலர் பாடம் நடத்திட்டு இருக்கேன், ஹெட் டீச்சர் ஓடி வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் போர்வை வைக்குற ஸ்டோர் ரூம்ல தள்ளிக் கதவ சாத்திட்டாங்க. ஒரு வார்த்தை, "ஜிங்சா". போலீஸ். குழந்தைங்க போர்வை அடுக்கு மேல உக்காந்திருந்தேன், பால் வாசனையும் வெயில்ல காஞ்ச வாசனையும், லைட்டு போட பயம், போன சைலன்ட்ல போட்டு நெஞ்சோட வச்சுக்கிட்டு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். நடுவுல கதவு லேசா தொறந்துச்சு, உயிரே போச்சு. பாத்தா என் கிளாஸ் பொடியன் ஒருத்தன். நான் கண்ணாமூச்சி ஆடுறேன்னு நினைச்சுட்டான். வாயில விரல வச்சு "ஷ்ஷ்"னு சொல்லிட்டு அவனே கதவ மெதுவா சாத்திட்டுப் போனான். யார்கிட்டயும் சொல்லல. 29 வயசுல எம்ஏ பட்டத்தோட ஒரு மூணு வயசுப் புள்ள என்னைய காப்பாத்த வேண்டிய நிலைமை. அன்னைக்கு நைட்டுதான் உக்காந்து சட்டம் என்னன்னு தேடிப் படிச்சேன், கிளம்பறதுக்கு முன்னாடி படிச்சிருக்க வேண்டியது. பெர்மிட் இல்லாம வேலை பாத்தா 5,000ல இருந்து 20,000 யுவான் வரைக்கும் ஃபைன், ரொம்ப முத்திப் போனா 5ல இருந்து 15 நாள் லாக்கப்பும் சேத்து, நாடு கடத்தவும் செய்யலாம். 2013 ஜூலைல இருந்து அமல்ல இருக்குற சட்டம். வேலைக்கு வச்சவங்களுக்கும் ஆளுக்கு 10,000 ஃபைன் உண்டு, ஆனா ஓடி ஒளியறது யாரு?

போறேன்னு சொல்லிட்டேன். அப்பதான் அந்த ரெக்ரூட்டர் அம்மாவோட வேற முகம் தெரிஞ்சுது. காண்ட்ராக்ட் பிரேக் பண்ணா ஒரு மாசச் சம்பளம் ஃபைன், கடைசி மாசம் குடுக்க முடியாது, பிரச்சனை பண்ணா போலீசுக்கு நாங்களே சொல்லுவோம்னு வீசாட்ல வாய்ஸ் மெசேஜ். காண்ட்ராக்ட்ட எடுத்துப் பாத்தா கம்பெனியோட சிவப்பு முத்திரையே இல்ல, வெறும் கையெழுத்து. அங்க எந்த பேப்பருக்கும் உயிரே அந்த வட்ட முத்திரைதான்.

ரூம் டெபாசிட்டும் போச்சு. குவாங்டோங் பக்கம் (குவாங்சோ, ஃபோஷான் எல்லாம் இருக்குற மாகாணம்) மாசி பங்குனில ஒரு ஈரக் காத்து வரும், ஹுய்னான்தியன்னு சொல்லுவாங்க, செவுரு, தரை, கண்ணாடி எல்லாத்துலயும் தண்ணி வேர்த்து ஊத்தும், துணி பத்து நாளானாலும் காயாது. அதுல செவுத்துல பூசணம் பூத்திருந்துச்சு. நான் தான் செவுர கெடுத்துட்டேனாம். ஊரு பூரா பூத்திருக்கு!

குவாங்சோல துணி வியாபாரம் பண்ற நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர், சீனம் சரளமா பேசுவார், விஷயத்த கேட்டுட்டு என் முன்னாடியே 12333க்கு போன் போட்டார். அது லேபர் ஹெல்ப்லைன். லேபர் ஆர்பிட்ரேஷனுக்கு (வேலைத் தகராற விசாரிச்சு தீர்ப்பு சொல்ற இடம்) ஃபீஸ் கிடையாது, சம்பளம் புடிச்சு வச்சா நேரா போகலாம். ரெண்டு நிமிஷம் பேசிட்டு போன கையால மூடிக்கிட்டு என்னைப் பாத்தார். "வொர்க் பெர்மிட் இருக்கான்னு கேக்கறாங்கம்மா. இல்லன்னா இது லேபர் கேஸே இல்லையாம். மேல பேசுனா உன் பேர கேப்பாங்க. வச்சிடவா?" வச்சிடுங்கண்ணேன்னேன். 12,000 சம்பளம், 2,500 டெபாசிட், 14,500 யுவான் அந்த போனோட முடிஞ்சுது. ஏப்ரல்ல ஊர் வந்து சேர்ந்தேன். ஏஜென்ட் ஃபீசும் ஃப்ளைட்டும் போக கையில நின்னது என்னன்னு கேட்காதீங்க.

சீனா மோசம்னு எழுத வரல, தயவுசெஞ்சு அப்படி ஷேர் பண்ணாதீங்க. எனக்குத் தெரிஞ்ச மலையாளி ஃபிசிக்ஸ் டீச்சர் ஒருத்தங்க ஷென்ஜென்ல ஒரு பைலிங்குவல் ஸ்கூல்ல இருந்தாங்க, சப்ஜெக்ட் டீச்சர், இசட் விசா, அதாவது வொர்க் விசா. பேப்பர் வேலைக்கு நாலு மாசம் ஆச்சு, ஆனா சம்பளம் பேங்க்ல, பாஸ்போர்ட் கையில. வேலை மாறும்போது ஸ்கூல் ரிலீஸ் லெட்டர் தராம இழுத்தடிச்சப்போ ஆர்பிட்ரேஷன் போறேன்னு சொன்னாங்க, மூணாம் நாள் லெட்டர் வந்துச்சு. அவங்க போட்ட அதே சண்டைய நான் போட முடியல, ஏன்னா என் விசால நான் டீச்சரே கிடையாது.

அதனால ஆஃபர் வந்தா சம்பளம் எவ்வளவுன்னு பாக்குறதுக்கு முன்னாடி, வொர்க் பெர்மிட் நோட்டிஃபிகேஷன் லெட்டர் எப்ப அனுப்புவீங்கன்னு கேளுங்க. அது நீங்க இந்தியால இருக்கும்போதே வரணும், அத வச்சுத்தான் இசட் விசா, உள்ள போய் 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும், வரிசை இதுதான், தலைகீழா கிடையாது. லெட்டர்ல இருக்குற கம்பெனி பேரும் காண்ட்ராக்ட்ல இருக்குற பேரும் நீங்க நிஜமா பாடம் எடுக்கப் போற இடமும் ஒண்ணா இருக்கணும். சீன மொழி காண்ட்ராக்ட்ட தெரிஞ்சவங்கள வச்சுப் படிங்க, சண்டை வந்தா அதுதான் செல்லும், இங்கிலீஷ் காப்பி சும்மா அழகுக்கு. ட்ரெயினிங் சென்டர்னு யாராவது சொன்னா இன்னும் உஷாரா இருங்க, 2021 ஜூலைல ட்யூஷன் சென்டர்களுக்கு கவர்மென்ட் போட்ட கட்டுப்பாட்டுல நிறைய மூடிருச்சு, மிச்சம் எது எந்த பேர்ல நடக்குதுன்னே சொல்ல முடியாது.

எல்லாரும் ஏஜென்சி பேரக் கேப்பீங்க. போடல. நான் போன ஏஜென்சி இப்ப அந்த பேர்ல இல்லவும் இல்ல, வேற போர்டு மாட்டியாச்சு.

ஜூனியர்கிட்ட அந்த இன்விடேஷன் லெட்டர மட்டும் அனுப்பச் சொன்னேன், நேத்து நைட்டு அனுப்புனா. ஃபோஷான் கம்பெனிதான். இவ டைல்ஸ் வாங்க வர்றாளாம். அட்வான்ஸ் 20,000 ஏற்கனவே கட்டிட்டா, மிச்சம் வெள்ளிக்கிழமை கட்டணுமாம். கட்டாதேன்னு சொல்லியிருக்கேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் இன்னும் வரல.